சி டிரைவ் நிரம்பிவிட்டதா? எம்கேலிங்க் இருக்கிறது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பரின் கணினியில் சி டிரைவ் முழுக்கக் கல்யாணப் படங்கள். ஃபோல்டரை இடம் மாற்றினால் எடிட்டிங் மென்பொருள் பழைய இடத்திலேயே தேடும். அதனால் ஃபோல்டரை டி டிரைவுக்கு நகர்த்திவிட்டு, பழைய இடத்தில் அதற்கு ஓர் இணைப்பு உருவாக்க, விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) எம்கேலிங்க் கட்டளை கொடுத்தோம். எடிட்டிங் மென்பொருள் பழைய இடத்தில் தேடினாலும் டி டிரைவில் உள்ள படங்கள் கிடைத்துவிடும் (அடிக்கும்போது ஆங்கில எழுத்தில்):

எம்கேலிங்க் /ஜே சி:\படங்கள் டி:\படங்கள்

/ஜே என்பது ஃபோல்டருக்கான இணைப்பு. முதலில் இணைப்பு, அடுத்து அசல். லினக்ஸில் இணைப்பு உருவாக்கும் எல்என் -எஸ் கட்டளை இதற்குத் தலைகீழ். அதில் பழகியவர்கள் கவனம்.

இணைப்பை எடுக்க, ஃபோல்டரை நீக்கும் ஆர்எம்டிஐஆர் கட்டளை போதும், அசலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தயவுசெய்து, கோப்புகளை அழிக்கும் டெல் கட்டளையை மட்டும் அதன்மேல் ஏவாதீர்கள். உள்ளே இருக்கும் அசல் படங்களே அழிந்துவிடும். இரண்டு இடத்தில் தெரிந்தாலும் இருப்பது ஒரே பிரதிதான். பேக்கப் தனியாக எடுத்து வையுங்கள்.