குன்னூர்ப் பொடி டொராண்டோ போன கதை

டொராண்டோவில் இருக்கும் நாத்தனார்தான் ஆரம்பித்து வைத்தாள். அங்கே அவளைச் சுற்றி நம்மூர்க் குடும்பங்கள் நிறைய; கடைச் சாம்பார்ப் பொடி யாருக்கும் பிடிக்கவில்லையாம், என்னை அரைத்து அனுப்பச் சொன்னாள்.

ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரில் மிளகாய் காய்வது நடக்கிற காரியமா? மேட்டுப்பாளையத்தில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் காயவைத்து, மில்லில் அரைத்து, அங்கேயே சீல் போட்டு அனுப்பினேன். நாத்தனார் வீடியோ காலில் பெட்டியைத் திறந்து காட்டினாள்: பாக்கெட்டுகளின் ஓரம் பிரிந்து, அட்டை மடிப்பெல்லாம் சிவப்புப் பொடி.

காரணம் காற்று. கீழே மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மலையேறும் வழியில் பர்லியார் தாண்டினதும் உப்புமே, அதேதான்: மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைய, உள்ளே அடைபட்ட காற்று விரியும். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டி உயரத்தில் இருப்பதுபோலத்தான் இருக்கும். குன்னூரே சுமார் 1,850 மீட்டர். அப்படியானால் சீல் போட ஏற்ற இடம் என் வீடுதான்!

இப்போது அரைப்பது மட்டும் கீழே. பொடியைப் பரப்பி நன்றாக ஆறவிட்டு, எவர்சில்வர் தூக்கில் இறுக மூடி மேலே கொண்டுவருகிறேன். வெயில் அடிக்கும் மதியமாகப் பார்த்து, பொடியில் ஈரம் ஏறாமல் சின்ன அறையில் ஹீட்டர் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி இரட்டைச் சீல். மூட்டம் இறங்கினால் அன்றைக்கு வேலை கிடையாது.

ஏற்றுமதி எண்ணுக்கு 500 ரூபாய், உணவுப் பாதுகாப்பு அனுமதி, அதெல்லாம் சுலபம். லேபிள்தான் இழுத்தது. கனடாவில் விற்க ஆங்கிலத்தோடு பிரெஞ்சிலும் அச்சிட வேண்டும். இறக்குமதி உரிமத்தை நாத்தனார் எடுத்துவிட்டாள். அப்புறம், பருப்புப் பொடிதான் முதலில் தீர்கிறதாம். அதைக் கூட்டி அனுப்பச் சொல்லியிருக்கிறாள்.