வெள்ளை ரீசேர்ட்: வன்னி ஆண்கள் விடும் சில தவறுகள்

வெள்ளை ரீசேர்ட் வாங்கப் போகும் ஆண்களில் பலர் வெள்ளையை வாங்கிக்கொண்டு வருகிறார்கள், ரீசேர்ட்டை வாங்குவதில்லை. புடவைக்கடையில் பொலித்தீன் உறைக்குள் பளீரென்று தெரிகிறது, விலை கையைக் கடிக்கவில்லை, எடுத்தாயிற்று. மூன்றாம் மாதம் அது மோட்டார் சைக்கிள் துடைக்கும் துணியாகிவிடுகிறது. பிறகு பழி கடைக்காரர் மேலும் கம்பனி மேலும் விழுகிறது. உண்மையில் பாதித் தவறு வாங்கும்போதே நடக்கிறது, மீதி கிணற்றடியில் நடக்கிறது.

அந்தப் பளீர் வெண்மையை நம்புவதுதான் முதல் தவறு. பருத்தி இயல்பில் பால் வெள்ளை இல்லை. மங்கலான சந்தன நிறம். அதை வெளுத்து, மேலே ஒளியூட்டும் இரசாயனம் ஏற்றுகிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. தவறான வேலை ஒன்றுமில்லை. நல்ல கம்பனிகளும் செய்கின்றன. ஆனால் தோய்க்கத் தோய்க்க, வெயில் படப் பட அது போய்விடும். அப்போது அடியில் இருக்கும் துணியின் உண்மையான தரம் வெளியே வரும். ஆகவே வெண்மையின் அளவைக் கொண்டு தரத்தைத் தீர்மானிக்க முடியாது. கடைக்குள் எரியும் விளக்குகளின் கீழ் எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளைதான். வவுனியா பசார் வீதியானாலும் கிளிநொச்சிச் சந்தையானாலும், ரீசேர்ட்டைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கக் கேளுங்கள். முகம் சுளிக்கும் கடைக்காரரிடம் வாங்காமல் விடுவதில் நட்டமில்லை.

வாசலுக்கு வந்ததும் உறையைப் பிரித்து, ஒரு கையை ரீசேர்ட்டுக்குள் விட்டு, ஒற்றைத் துணிக்குப் பின்னால் விரல்களை விரியுங்கள். விரல்களின் இடைவெளி தெளிவாகத் தெரிந்தால் மடித்து வைத்துவிடலாம். பலர் இரண்டு பக்கத் துணியையும் சேர்த்துத் தூக்கிப் பார்த்து, தடிப்பாக இருக்கிறது என்று ஏமாறுகிறார்கள். துணியின் கனத்தைச் சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் என்று கணக்கிடுவார்கள். 150 கிராமுக்குக் கீழே போனால் வெள்ளைத் துணி உடம்பைக் காட்டும். வியர்த்தால் சொல்லவே வேண்டாம். 200ஐத் தாண்டினால் அழகாக விழும், ஆனால் சித்திரை வெயிலில் போட முடியாது, மாரியில் இரண்டு நாள் கொடியில் கிடந்தாலும் காயாது. வன்னிக்கு 160 முதல் 180 வரை சரி என்பது என் கணிப்பு. எண் அச்சிடப்படாத உடுப்புகளே அதிகம் என்பதால் விரல் சோதனைதான் கைகொடுக்கும்.

அடுத்தது அளவு. இதில்தான் எங்கள் ஆண்கள் அதிகம் சறுக்குகிறார்கள். சிறிய கடைகளில் போட்டுப் பார்க்க இடம் இருக்காது. ‘எம்’ என்றோ ‘எல்’ என்றோ கேட்டு வாங்கி வருகிறோம். இரண்டு கம்பனிகளின் ‘எம்’ ஒன்றாக இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் தைத்து மிஞ்சியவை எங்கள் கடைகளுக்கு வருகின்றன. அவற்றின் ‘எம்’ உள்ளூர் ‘எல்’ அளவுக்கு நிற்கும். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சித்தப்பா கொண்டுவரும் மூன்று ரீசேர்ட் கட்டும் இதே கதைதான். அவர் பாசத்தோடு ‘எல்’ வாங்கி வருவார். தம்பி அதற்குள் இன்னொருவருக்கும் இடம் வைத்துக்கொண்டு நடப்பான்.

எழுத்தை மறந்துவிட்டு அளவுநாடாவை நம்புங்கள். வீட்டில் உங்களுக்குச் சரியாக நிற்கும் ஒரு ரீசேர்ட்டைப் பாயில் விரித்து, ஒரு கமக்கட்டிலிருந்து மறு கமக்கட்டு வரை அளந்து கொள்ளுங்கள். மார்பு 36 அங்குலம் உள்ளவருக்கு அந்தக் குறுக்களவு 20 அங்குலம் அளவில் இருந்தால், உடம்போடு ஒட்டாமலும் தொங்காமலும் இருக்கும். அதாவது சுற்றளவில் நான்கு அங்குலம் கூடுதல். அதற்கும் மேலே முக்கியமானது தோள். தோள் தைப்பு தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். அது கைக்குள் இறங்கினால் எவ்வளவு விலையான உடுப்பும் இரவல் வாங்கிப் போட்டதுபோல இருக்கும். உடம்புப் பக்கம் அகலமாக இருந்தால் சந்தியில் இருக்கும் தையற்காரர் அரை மணி நேரத்தில் பிடித்துத் தருவார். தோளைப் பிடிப்பது கழுத்தையும் கையையும் கழற்றித் தைக்கும் வேலை, கூலிக்குப் புது ரீசேர்ட்டே வாங்கலாம். தோள் சரி, உடம்பு பெரிது என்றால் வாங்குங்கள். உடம்பு சரி, தோள் பெரிது என்றால் விடுங்கள்.

கையின் நீளம் மேற்கையின் பாதியில் நின்றால் போதும். நீளத்துக்கு ஒரு எளிய சோதனை: இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கும்போது வயிறு தெரியக்கூடாது. வயலிலோ கூரையிலோ வேலை செய்பவர்களுக்கு இது அலங்காரப் பிரச்சினை அல்ல.

இறுக்கமாக இருக்கிறதே என்றால் கடைக்காரர், “போடப் போட விரியும், தம்பி” என்பார். தொளதொளவென்று இருக்கிறதே என்றால் அவரே, “தோய்க்கத் தோய்க்க இறுகும், தம்பி” என்பார். இரண்டாவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முன்கூட்டியே சுருக்காத பருத்திப் பின்னல் துணி, குறிப்பாக நீளத்தில், முதல் சில தோய்ப்புகளில் 5 வீதம் வரை சுருங்குவது சாதாரணம். 28 அங்குல நீளம் என்றால் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் போய்விடும். அகலம் அந்த அளவுக்குக் குறையாது. ஆகவே அகலமான ரீசேர்ட் தோய்த்தால் சரியாகிவிடும் என்று வாங்குபவருக்கு, கட்டையாகவும் அகலமாகவும் ஒரு பொருள் கிடைக்கிறது.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. எங்கள் ஊர்களிலிருந்து அக்காமாரும் தங்கச்சிமாரும் விடியற்காலையில் பஸ் ஏறிப் போகிறார்கள். அவர்களில் ஒருவரிடம் ஒரு ரீசேர்ட்டைக் கொடுத்துப் பாருங்கள். முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். நேரே உட்புறத்தைத் திருப்புவார். தோள் தைப்பின் மேலும் பின்கழுத்திலும் மெல்லிய நாடா வைத்துத் தைத்திருக்கிறதா என்று விரலால் தடவுவார். அந்த நாடா இல்லாத தோள் நாளடைவில் இழுபட்டுப் போகும். அடிமடிப்பிலும் கை மடிப்பிலும் இரண்டு வரித் தையல் ஓடுகிறதா, நூல் எங்காவது விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு இரண்டு தோள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துத் தொங்கவிடுவார். பக்கத் தைப்பு நேராகக் கீழே இறங்க வேண்டும். முறுகிக்கொண்டு முன்பக்கம் வந்தால், நூலின் முறுக்கு துணியில் தங்கியிருக்கிறது என்று பொருள். தோய்க்கத் தோய்க்க அது இன்னும் திரும்பும். எத்தனை தரம் ஸ்திரிக்கை போட்டாலும் நேராகாது. ஒரு நிமிட வேலை. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தும் தனியாகக் கடைக்குப் போகிறவர்களை என்ன சொல்வது?

கழுத்துப்பட்டியை மட்டும் நீங்களே பார்க்கலாம். இரு பெருவிரல்களாலும் மெல்ல இழுத்து விடுங்கள். உடனே பழைய இடத்துக்குத் திரும்பினால் நல்லது. அலையலையாக நின்றால், ஆறே வாரத்தில் கழுத்து தொங்கும்.

பருத்தியா பொலியெஸ்டரா என்று அறிய, தைப்பிலிருந்து ஒரு நூலை இழுத்து எரித்துப் பார்க்கும் பழக்கம் ஊரில் உண்டு. கெட்டித்தனமான சோதனை என்று தோன்றும், ஆனால் பதில் பிழையாக வரும். முழுப் பருத்தி ரீசேர்ட்டையும் பெரும்பாலும் பொலியெஸ்டர் நூலால்தான் தைக்கிறார்கள். வீட்டுக்கு வந்தபின் எரித்துப் பார்க்க ஆசையென்றால், உட்தைப்பின் ஓரத்தில் வெட்டுப்பட்ட துணியிலிருந்தே ஒரு இழை எடுங்கள். கடதாசி எரியும் மணத்தோடு மெல்லிய சாம்பலானால் பருத்தி. உருகிக் கடினமான மணியாகத் திரண்டால் பொலியெஸ்டர். இரண்டும் கலந்த துணி அதிகம் சுருங்காது, சீக்கிரம் காயும். ஆனால் உடம்பின் எண்ணெயையும் வியர்வை மணத்தையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். இந்தப் புழுக்கத்துக்கு அது வேண்டாம் என்பேன்.

வெள்ளைக்குள் வெள்ளைப் பெனியன் போடுவதும் தவறே. மாநிறத் தோலில் வெள்ளைப் பெனியனின் விளிம்பு கோடாகத் தெரியும். சாம்பல் அல்லது மண்ணிறப் பெனியன் மறைந்துவிடும்.

இனிக் கிணற்றடி. வன்னியில் பல இடங்களில் நிலத்தடி நீர் கடினமானது. அதில் சவர்க்காரம் நுரைக்காமல் வெண்படிவாகத் துணியில் தங்கும். வெள்ளை மெல்ல மெல்லச் சாம்பலாகும். அதைக் கண்டு இன்னும் கொஞ்சம் சவர்க்காரம் தேய்த்தால் இன்னும் கொஞ்சம் படிவு சேரும். இப்படிப்பட்ட நீருக்குக் கட்டிச் சவர்க்காரத்தைவிடச் சலவைத்தூள் பரவாயில்லை. மாரியில் பீலி வைத்துப் பிடித்த மழைநீர் இருந்தால், வெள்ளை உடுப்புகளை அதில் அலசுவதைவிட நல்ல மருந்து கிடையாது.

குழாய்க் கிணறு உள்ள வீடுகளில் வேறொரு சிக்கல் வரலாம். இறைக்கும்போது தெளிவாக இருக்கும் நீர், ஒரு வெள்ளை வாளியில் இரவு முழுக்க வைத்தால் காலையில் செம்மஞ்சளாக மாறியிருந்தால், அதில் இரும்பு இருக்கிறது. அந்த நீரில் குளோரின் கலந்த வெளுப்புத் திரவத்தை ஊற்றினால், கரைந்திருக்கும் இரும்பு துருவாகப் பிரிந்து துணியிலேயே ஒட்டும். வெளுக்கப் போட்ட உடுப்பு மஞ்சள் திட்டோடு வரும். அதை அழுக்கு என்று நினைத்து மறுபடி வெளுப்புத் திரவம் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். திட்டு இன்னும் ஆழமாகும். அந்தத் திட்டில் தேசிக்காய்ச் சாறும் உப்பும் தேய்த்துச் சிறிது நேரம் விட்டு, மழைநீரில் அலச வேண்டும். துரு பழையதானால் இரண்டு, மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும்.

கமக்கட்டு மஞ்சளுக்குக் காரணம் வியர்வை மட்டுமல்ல. வியர்வையை அடக்கும் பூச்சுகளில் உள்ள அலுமினிய உப்பும் வியர்வையும் சேர்ந்துதான் அந்தக் கறை பிடிக்கிறது. பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு ரீசேர்ட்டைப் போடுங்கள். கழற்றிய அன்றே தோயுங்கள். வாளிக்கு இரண்டு சொட்டு நீலம் போடுவது மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்கும், கறையை எடுக்காது. கிரவல் வீதியில் தெறித்த சேற்றை ஈரத்தோடு தேய்க்காமல், காயவிட்டுத் தட்டி உதிர்த்தபின் தோய்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கோ மடுத் திருவிழாவுக்கோ முதல் நாள் மாலை கூட்டத்துக்குள் புகுந்து ஒரே தரமாக நான்கு வாங்காதீர்கள். முன்கூட்டியே ஒன்று வாங்கி, வீட்டு நீரில் இரண்டு தடவை தோய்த்து, நீளத்தை மறுபடி அளந்து பாருங்கள். பிடித்தால் மற்றவற்றை வாங்கலாம். ஏற்றுமதி மிச்சமாக இருந்தால் திரும்பிப் போகும்போது அந்தக் கட்டு தீர்ந்திருக்கும். அதற்காக அளவை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்: மார்புக் குறுக்களவு 20, தோள் 17½, தோய்த்தபின் நீளம் 27, பருத்தி 100 வீதம். எந்தக் கடைக்காரரும் இதற்குமேல் உங்களிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை.