சேர்வராயன் மலைக் கிராமத்தில் ஆழ்நேர்காணல் எடுக்கும் முறை: செவிலிய ஆய்வு மாணவர்களுக்கு

நீரிழிவு நோயாளிகளில் எத்தனை பேர் மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறார்கள் என்பதை வினாநிரலால் கண்டுவிடலாம். ஏன் நிறுத்துகிறார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே அறியப் பண்புசார் ஆய்வு (எண்ணிக்கையை அல்ல, அனுபவத்தை ஆராய்வது) வேண்டும். அதற்காக ஒருவரிடம் விரிவாகப் பேசிக் கேட்பதே ஆழ்நேர்காணல். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சென்று காப்பித் தோட்டத் தொழிலாளர்களிடம் இத்தகைய ஆய்வை நடத்தவிருப்பவர்கள், முதலில் தங்கள் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் பெற வேண்டும். ஒப்புதல் படிவத்தை முழுவதும் வாசித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவராயின், ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு கைநாட்டுப் பெறுங்கள்.

பலரும் எண்ணிப் பார்க்காத தடை நம் சீருடைதான். சீருடையில் வரும் சிஸ்டரிடம், "மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறேங்க" என்றுதான் சொல்வார்கள். திட்டு வாங்காமலிருக்கவும் வந்தவர் மனம் கோணாமலிருக்கவும் சொல்லப்படும் பதில் அது. ஆகவே சாதாரண உடையில் சென்று, மேஸ்திரியின் காதிலோ வீட்டாரின் காதிலோ விழாத இடத்தில் அமர்ந்து பேசுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிக்கும் காலம்; களைத்து வீடு திரும்புபவரிடம் ஒரு மணி நேரம் கேட்பது நியாயமாகாது என்பதால், அவருக்குத் தோதான ஓய்வு நாளை அவரிடமே கேட்டறியுங்கள்.

"நேத்து எந்திரிச்சதுல இருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க, சொல்லுங்கம்மா" என்று தொடங்கினால், விடியுமுன் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பியதும், வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் சரிவில் தலைசுற்றிவிடுமோ என்ற பயமும் கேட்காமலேயே வெளிவரக்கூடும். அவர் பேச்சை நிறுத்தியதும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் சற்றுப் பொறுத்திருங்கள். பெரும்பாலும் அதன் பிறகே முக்கியமான செய்தி வரும். நோயைப் பற்றி அவர் தவறாகச் சொன்னாலும் இடைமறித்துத் திருத்தாதிருப்பது, கற்பித்தே பழகிய செவிலியருக்கு மிகக் கடினம். ஆயினும் அதைக் குறித்து வைத்துக்கொண்டு, பேட்டி முடிந்தபின் விளக்கிச் சொல்லுங்கள். உடனடி ஆபத்து தெரிந்தால் மட்டும், ஆய்வை அங்கேயே நிறுத்திச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒலிப்பதிவை அன்றன்றே கேட்டு, தயக்கம், சிரிப்பு உட்படப் பேசியது பேசியபடியே எழுதுங்கள். ஒவ்வொரு பேட்டியையும் உடனுக்குடன் பகுத்து வந்தால்தான், புதிய கருத்து எதுவும் வராத செறிவுநிலையை எட்டியது தெரியும். வாழ்ந்த அனுபவத்தின் சாரத்தைத் தேடுவோருக்கு 1978-இல் உளவியலாளர் கொலைஸ்ஸி வகுத்த ஏழு பகுப்பாய்வுப் படிகள் பொருந்தும். பலரின் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கருப்பொருள்களைத் தொகுக்க, உளவியலாளர்கள் பிரௌனும் கிளார்க்கும் 2006-இல் வகுத்த ஆறு கட்டங்கள் போதும். கொலைஸ்ஸி முறையின் கடைசிப் படி, முடிவுகளைப் பங்கேற்றவரிடமே கொண்டுபோய்ச் சரிபார்ப்பது. மீண்டும் மலையேற நேரமில்லை என்று அதைத் தவிர்க்காதீர்கள்.

அறிக்கையில் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. ஒரே எஸ்டேட்டில், "கால் விரல் எடுக்கப்பட்ட ஐம்பது வயதுப் பெண்" என்றாலே ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள். எனவே எஸ்டேட், ஊர், சரியான வயது ஆகியவற்றையும் மறைத்த பிறகே அவருடைய சொற்களை மேற்கோளாகச் சேர்க்க வேண்டும்.