பிரேக் பிடித்தால் சத்தமா? பேட் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

கார் பிரேக்கில் சத்தம் கேட்டதுமே புது பேட் (சக்கரத்தோடு சுற்றும் 'டிஸ்க்' என்ற இரும்புத் தட்டை இறுக்கிப் பிடிக்கும் கட்டை) வாங்கிவிடாதீர்கள். அது எப்போது வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

காலையில் வண்டியை எடுத்ததும் கரகரத்து, நாலைந்து பிரேக்கில் அடங்கிவிட்டால் அது டிஸ்க்கில் படிந்த மேலோட்டமான துரு. கவலை வேண்டாம். பிரேக்கைத் தொடாமலே உரசினால், டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கலாம். ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் நகரும்போது முதல் பிரேக்கில் மட்டும் 'டக்' என்றால், பேட் தன் இடத்தில் ஆடுகிறது. அதைப் பிடித்திருக்கும் கிளிப் தளர்ந்திருக்கும், அல்லது போன முறை பேட் மாற்றியபோது போடாமலே விட்டிருப்பார்கள்.

விடாமல் 'கிரீச்' என்று கேட்டால், பேட் 2–3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்து அதிலுள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொடுகிறது என்று சந்தேகப்படுங்கள். இரும்போடு இரும்பு அரைபடும் சத்தம் வந்தால் வண்டியை ஓட்டவே கூடாது.

திறந்து பார்க்க: சமதரையில் நிறுத்தி, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். வீல் நட்டைத் தளர்த்திய பிறகு ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். கழற்றிய காலிப்பரை (பேட்டுகளை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஆயில் வரும் ரப்பர் ஹோஸில் தொங்கினால் ஹோஸ் கெடும்.

இப்போது உள்பேட், வெளிபேட் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்பேட் மட்டும் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஸ்லைடு பின் (காலிப்பர் முன்னும் பின்னும் நகர உதவும் கம்பி) இறுகியிருக்கிறது. இதைப் பார்க்காமல் பேட் மாற்றினால் சத்தம் திரும்பி வரும். பின்னை உருவி, பழைய கிரீஸைத் துடைத்து, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். சாதாரண கிரீஸில் ரப்பர் உப்பி, பின் மறுபடி இறுகும். விரலால் தள்ளினாலே பின் வழுக்கிப் போய்வர வேண்டும். பேட்டின் உராயும் பக்கத்தில் கிரீஸ் படவே கூடாது.

டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் மாற்ற வேண்டியதுதான். பேட்டை ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். பேட்டை அழுத்தும் பிஸ்டனைக் காலிப்பருக்கு உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் மேலேறும், அதன் டேங்கைக் கவனியுங்கள். ஹேண்ட்பிரேக் சேர்ந்த பின் காலிப்பர் பலவற்றில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப முடியும்.

வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். மறந்தால் முதல் பிரேக் பிடிக்காது. பிறகு ஆளில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை மிதமாகப் பிடித்துப் பேட்டைப் பழக்குங்கள்.