பெட்டி தானாக மதுரைக்குப் போகாது

நான் கீழக்கரையில் தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறவள். மகன் சவுதியில் தம்மாமில் இருக்கிறான். வருஷத்துக்கு ஒரு தடவை போய் மூன்று மாதம் பேரப்பிள்ளைகளோடு இருந்துவிட்டுத் தனியாகத் திரும்பி வருவேன். எங்கள் தெருவில் சபராளி, அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதிக்கிறவர், இல்லாத வீடு குறைவு. ஆனால் பயணத்தின் நெளிவுசுளிவை ஆம்பளைகள் ஆம்பளைகளுக்குத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு தனியாக வரும் பொம்பளைக்கு "யாரையாவது கேட்டுக்கோ" என்பதோடு சரி. பக்கத்து வீட்டு லாத்தா (அக்கா) இந்த வருஷம் முதல் தடவையாகத் தனியே வரப்போகிறார். அவருக்கு நான் இரண்டு மாலை உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர் இந்தியாவில் முதலில் எந்த ஊரில் இறங்குகிறாரோ அங்கேதான் அவருக்கு எல்லை. மதுரைக்கு டிக்கெட் இருந்தாலும் மும்பையில் இறங்கினால் இமிகிரேஷன் மும்பையில்தான், கஸ்டம்ஸும் மும்பையில்தான். கஸ்டம்ஸைத் தாண்டுவதற்குப் பெட்டி உங்கள் கையில் இருக்க வேண்டும். அதனால் பெல்ட்டில் காத்திருந்து பெட்டியை எடுத்து, தள்ளிக்கொண்டு வெளியே வந்து, மறுபடி உள்நாட்டு விமானத்துக்குப் போட வேண்டும். என் வாப்பாவின் வாப்பா போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி போய்க் கப்பலேறிக் கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போனவர். அந்தக் காலத்தில் மண்டபம் கேம்பில் ஆட்களைத் தங்கவைத்து, நோய்நொடி பார்த்துத்தான் கப்பலுக்கு விடுவார்களாம். 1964 புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. அன்றைக்கு மண்டபத்தில் நடந்தது இன்றைக்கு மும்பையில் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை எனக்கு இது தெரியாது. ஏறிய இடத்தில் கவுண்டரில் இருந்த பையன், பெட்டியில் ஒட்டிய சீட்டைக் காட்டி, "ஸ்ட்ரெய்ட் மதுரை" என்றான். சீட்டில் மதுரைக்கான ஐ.எக்ஸ்.எம் என்ற எழுத்தும் இருந்தது. நான் நிம்மதியாக இமிகிரேஷனைத் தாண்டி, பெல்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கைப்பையோடு நடந்துவிட்டேன். கஸ்டம்ஸ் வாசலில் ஒரு மலையாளிப் பெண் "பெட்டி எவிடே?" என்று கேட்டிருக்காவிட்டால் என் பெட்டி அந்த பெல்ட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கும். சில விமானங்களில் கடைசி ஊர்வரை பெட்டியை நேராக அனுப்பும் ஏற்பாடும் உண்டு. அதனால் ஏறும் இடத்தில் ஒரு தடவை, இறங்கிய இடத்தில் சீட்டைக் காட்டி இன்னொரு தடவை என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னால் மட்டும் நம்புங்கள். இல்லையென்றால் பெல்ட்டுக்குப் போய் நில்லுங்கள்.

டிக்கெட்டைப் பற்றி மகன்களுக்கு ஒரு வார்த்தை. தம்மாம்-மும்பை தனியாக, மும்பை-மதுரை தனியாக வாங்கினால் கொஞ்சம் காசு மிச்சமாகும். அந்த மிச்சத்தை உம்மா தலையில் கட்டாதீர்கள். ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறிப்போனாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமானக் கம்பெனியின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டில் தவறினால் போனது போனதுதான். எடையிலும் இதே கதை. வளைகுடாவிலிருந்து வரும் விமானத்தில் 30 கிலோ விட்டிருப்பார்கள். உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்கு 15 கிலோதான். ஒரே டிக்கெட்டாக இருந்தால் வெளிநாட்டுக் கணக்கே மதுரைவரை வரும். தனித்தனி என்றால் மும்பையில் அந்த 15 கிலோவுக்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் காசு.

என் கத்திரிக்கோல் போனதும் இதனால்தான். அந்த வருஷம் மகன் தனித்தனி டிக்கெட் போட்டிருந்தான். அதிகாலையில் இறங்கினேன். பெட்டி 28 கிலோ. உம்ராவுக்குப் போய் வாங்கிய 5 லிட்டர் ஜம்ஜம் தண்ணீர் வேறு. அதையும் எடையில்தான் சேர்த்தார்கள். கவுண்டருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். கனமானதையெல்லாம் எடுத்துக் கைப்பைக்கு மாற்றினேன். பேரீச்சம்பழம், பால் பவுடர் டின், கோடாரித் தைலம் அரை டஜன், அப்புறம் துணியில் சுற்றி வைத்திருந்த தையல் கத்திரிக்கோல். மகன் எனக்கென்று தேடி வாங்கிய பெரிய கத்திரிக்கோல் அது. பெட்டியில் இருந்தவரை அது யாருக்கும் தொந்தரவில்லை. கைப்பைக்கு வந்ததும் ஆயுதமாகிவிட்டது.

செக்யூரிட்டியில் காவலுக்கு நின்ற சி.ஐ.எஸ்.எஃப் பெண் பையைத் திறந்து அதை எடுத்துக் காட்டினாள். கோபமாகவெல்லாம் இல்லை. "மாஜி" என்று கூப்பிட்டு, கையாலேயே சொன்னாள்: திரும்பிப் போய்ப் பெட்டியில் போடு, இல்லையென்றால் இங்கே விட்டுவிடு. பெட்டி ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. கேட் மூடும் நேரமும் நெருங்கிவிட்டது. விட்டுவிட்டு வந்தேன். மதுரைவரை ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை.

அதனால் நான் சொல்வது, செக்யூரிட்டியில் நடக்கும் தப்பெல்லாம் செக்யூரிட்டியில் தொடங்குவதில்லை. எடை கூடிப்போய்ப் பெட்டியைத் திறக்கும் இடத்தில்தான் தொடங்குகிறது. வீட்டிலேயே எடை பாருங்கள். கைப்பை 7 கிலோ, பெட்டி உள்நாட்டுக் கணக்குக்கு எவ்வளவோ அவ்வளவு. அப்படியும் மாற்ற வேண்டி வந்தால் துணிமணியை மாற்றுங்கள். கத்தி, கத்திரி, ஸ்க்ரூ டிரைவர் பக்கம் கையே போகக் கூடாது. நான் இப்போது அந்த மாதிரிச் சாமானையெல்லாம் ஒரு சிவப்புப் பையில் போட்டுப் பெட்டியின் அடியில் வைக்கிறேன். அவசரத்தில் கை தொட்டாலும் சிவப்பு கண்ணில் படும்.

பவர் பேங்க் இதற்கு நேர் எதிர். அது பெட்டியில் இருக்கவே கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். தனியாக வைத்திருக்கும் லித்தியம் பேட்டரிகளும் அப்படித்தான். பெட்டிக்குள் இருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தால் பெட்டியை நிறுத்திவைத்து உங்களைக் கூப்பிடுவார்கள். கூப்பிடுவது ஒலிபெருக்கியில், இந்தியிலோ ஆங்கிலத்திலோ. நம் பெயரை அவர்கள் உச்சரிக்கும் விதத்தில் நமக்கே அது நம் பெயர் என்று தெரியாது.

தண்ணீர், அத்தர், தைலம் எல்லாம் வெளிநாட்டில் ஏறும்போது கைப்பையில் ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். இந்தியாவுக்குள் உள்நாட்டு விமானத்தில் அவ்வளவு கெடுபிடி இல்லை, குடிக்கிற தண்ணீர் பாட்டிலை விடுவார்கள். ஆனாலும் தைலமும் அத்தரும் பெட்டிக்குள் இருந்தால் பேச்சே இல்லை. ஏர்போர்ட் கடையில் வாங்கிய சென்ட்டை ஒட்டித் தந்த உறையைப் பிரிக்காமல் வீடுவரை கொண்டுவாருங்கள். மணம் பார்க்கிற ஆசையை வீட்டுக்கு வந்து தீர்த்துக்கொள்ளலாம்.

கஸ்டம்ஸில் பச்சை வழி, சிவப்பு வழி என்று இரண்டு. தீர்வை கட்ட வேண்டியது ஒன்றும் இல்லையென்றால் பச்சை. பேரீச்சம்பழத்துக்கும் சாக்லேட்டுக்கும் பயப்பட வேண்டாம். பெரிய டிவி கொண்டுவந்தால் தீர்வை உண்டு, சிவப்பில் போங்கள். நம் பெண்கள் தடுமாறுவது தங்கத்தில். "பொம்பளைக்கு 40 கிராம், ஆம்பளைக்கு 20 கிராம்" என்று ஊரில் சொல்வார்கள். அது ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் குடியிருந்தவர்களுக்கு, அதுவும் நகைக்கு மட்டும். காசுக்கும் பிஸ்கட்டுக்கும் கிடையாது. மூன்று மாதம் மகன் வீட்டில் இருந்துவிட்டு வரும் என்னைப் போன்றவர்களுக்கு அந்தச் சலுகையே இல்லை. கழுத்தில் கிடக்கும் சொந்த நகை நிறைய இருந்தால், ஊரிலிருந்து போகும்போதே விமான நிலையக் கஸ்டம்ஸில் காட்டிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது இது இங்கிருந்து போன நகைதான் என்று காட்ட அது உதவும்.

கடல் தொழிலுக்கு பஹ்ரைன், சவுதிப் பக்கம் போகும் நம் பையன்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே படகில் வைத்திருந்த சாட்டிலைட் போனை ஆசைப்பட்டு ஊருக்கு எடுத்து வராதீர்கள். இந்தியாவில் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். பறிமுதலோடு முடியாது, போலீஸ், கேஸ் என்று போய்விடும். புகை விடும் மின் சிகரெட்டும் 2019 முதல் இங்கே தடை.

பெட்டியோடு கஸ்டம்ஸைத் தாண்டியதும் டொமஸ்டிக் டிரான்ஸ்ஃபர் என்று பலகை இருக்கும். ஒரே டிக்கெட்காரர்கள் அந்தக் கவுண்டரிலேயே பெட்டியைப் போட்டுவிடலாம். தனி டிக்கெட் என்றால் பெரும்பாலும் புறப்பாட்டு வாசலுக்குப் போய்ப் புதிதாக செக்-இன் செய்ய வேண்டும். வாசலில் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்துத்தான் விடுவார்கள். டிக்கெட்டில் எந்த டெர்மினல் என்று முன்பே பாருங்கள். சென்னையில் டெர்மினல்கள் வரிசையாக இருக்கின்றன. வெளிநாட்டு விமானம் இரண்டில் வந்து நிற்கும், உள்நாட்டு விமானம் ஒன்றிலோ நான்கிலோ. டிராலியைத் தள்ளிக்கொண்டு நடந்துவிடலாம். மும்பையில் இரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவே சாலை வழியாக வண்டியில்தான் போக வேண்டும். வருகை வாசலைத் தாண்டி வெளியே வந்தால் அதே வழியாக மறுபடி உள்ளே விட மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெட்டி போடுவது பொதுவாக விமானம் கிளம்ப 60 நிமிடத்துக்கு முன்னால் நின்றுவிடும். இறங்கியதிலிருந்து பெட்டி கைக்கு வரவே எனக்கு ஒரு மணி, ஒன்றரை மணி ஆகியிருக்கிறது. நாலு மணி நேர இடைவெளி இல்லாத டிக்கெட்டை நான் வாங்க விடுவதில்லை. மகன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

செக்யூரிட்டியில் பெண்களுக்குத் தனி வரிசை. போன், லேப்டாப், பவர் பேங்க் எல்லாம் டிரேயில் தனியாக. வளையல், கம்மலைக் கழற்ற வேண்டாம். கருவி கூவும், கூவட்டும். திரை போட்ட சின்ன அறைக்குள் பெண் காவலர்தான் தடவிப் பார்ப்பார், ஆம்பளை யாரும் வர மாட்டார். அறைக்குள் போவதற்கு முன் உங்கள் டிரே எக்ஸ்ரேக்குள் போய்விட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் பாஸ்போர்ட், போன், கண்ணாடி மூன்றையும் எண்ணி எடுங்கள். என் கண்ணாடி ஒன்று டிரேயோடு போய்விட்டது.

மொழி தெரியாதவர்கள் வீல்சேர் கேட்டுவிடுகிறார்கள். தள்ளுகிற பையன் இமிகிரேஷன் முதல் கேட்வரை கூட்டிப்போவான் என்பது உண்மை. கால் நன்றாக இருக்கிறவர்கள் பயத்தில் கேட்பது எனக்குப் பிடிப்பதில்லை, உண்மையிலேயே முட்டி வலிக்காரருக்குக் காத்திருப்பு கூடுகிறது. தேவை என்றால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். மற்றவர்களுக்கு ஒரு தாள் போதும். விமான எண், பி.என்.ஆர், டெர்மினல், மதுரை, மகன் நம்பர் என்று மருமகளை ஆங்கிலத்தில் பெரிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். சீருடை போட்டவரிடம் தாளை நீட்டினால் கை காட்டிவிடுவார். அப்புறம், இந்திய சிம்மைக் கிளம்பும் முன்னே ரீசார்ஜ் செய்யச் சொல்லுங்கள். ஏர்போர்ட் வைஃபைகூட ஓடிபி கேட்கும்.

இவ்வளவும் வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு. துபாய்க்காரர்களுக்கு மதுரைக்கு நேர் விமானம். தொண்டி, தேவிபட்டினம் ஆட்கள் திருச்சியில் இறங்கினாலும் ஊர் வந்துவிடலாம். என்னைப் போன்றவர்கள் கொழும்பு வழியாக மதுரைக்கு வரலாம். கொழும்பில் பெட்டியைத் தொட வேண்டாம், கைப்பையை மட்டும் ஒரு தடவை சோதிப்பார்கள். இமிகிரேஷன், கஸ்டம்ஸ் எல்லாம் மதுரையில் ஒரே இடத்தில் முடியும். போன வருஷம் அப்படித்தான் வந்தேன், வலப்பக்க ஜன்னல் கேட்டு வாங்கி. மன்னார் வளைகுடாவைத் தாண்டியதும் நம் கரை தெரிந்தது, தீவுத் திட்டுகளும் வெள்ளை மணலும். ஊரை மேலிருந்து பார்த்துவிட்டு மதுரையில் இறங்கி, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று காரில் மூன்று மணி நேரம் அதே ஊருக்குத் திரும்பி வந்தேன். உச்சிப்புளியில் ஓடுதளம் இருக்கிறது, ஆனால் அது கடற்படைக்கு.