பி.காம். முடித்துவிட்டு ஆன்லைனில் கேல்குலஸ்: எங்கே தொடங்குவது, விடையை நாமே எப்படிச் சரிபார்ப்பது

டேட்டா அனலிடிக்ஸ் பக்கம் போகலாம் என்று கிளம்பும் காமர்ஸ்காரர்கள் முட்டிக்கொண்டு நிற்கிற இடம் கல்லூரி முதலாண்டு கேல்குலஸ் (நுண்கணிதம்). நானும் பி.காம்.தான். மும்பையை ஒட்டிய டோம்பிவிலியில் வீடு, தென்மும்பை ஃபோர்ட்டில் அக்கவுண்ட்ஸ் வேலை. வேலையை விடாமல் ஆன்லைனிலேயே படித்துத் தேர்வும் எழுதினேன். "எப்படிக்கா பண்ணீங்க?" என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருக்க முடியவில்லை, அதனால் இந்தப் பதிவு. லாகின், பாஸ்வேர்டு, வீடியோ டவுன்லோடு எல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்குள் நான் போகவில்லை.

படி 1: எதற்காகப் படிக்கிறீர்கள்?

இதை முடிவு செய்யாமல் கோர்ஸ் தேடினால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

புரிந்தால் போதும், காகிதம் வேண்டாம் என்றால் கான் அகாடமி. காசு கிடையாது, கணக்கைப் போட்டவுடனே சரியா தப்பா என்று சொல்லிவிடும். அதற்கு மேல் ஆழம் வேண்டுமென்றால், அமெரிக்காவின் எம்ஐடி தன் பாடங்களை இலவசமாகப் போட்டு வைத்திருக்கும் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் 18.01 என்ற பாடம் இருக்கிறது. பேராசிரியர் டேவிட் ஜெரிசன் 2007-இல் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி நடத்திய வகுப்புகள். படம் பழசு, பாடம் அருமை. கணக்குத் தாள்களும் விடைகளும் இலவசமாகவே கிடைக்கின்றன.

ரெஸ்யூமேயில் போட ஒரு சான்றிதழ் வேண்டும் என்றால் என்பிடெல். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துவது, மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். படிப்பு இலவசம், தேர்வுக்கு மட்டும் 1000 ரூபாய். 12 வார கோர்ஸில் உங்களுடைய சிறந்த 8 அசைன்மென்டுகளின் சராசரிக்கு 25 மதிப்பெண், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழ் கிடைக்க 25-இல் குறைந்தது 10, 75-இல் குறைந்தது 30 என்று இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும்.

கிரெடிட், அதாவது பட்டப்படிப்புக் கணக்கில் சேர்கிற புள்ளி, வேண்டும் என்றால் கதை வேறு. கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு, 2021-இன் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி, ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக எடுத்ததைக் கல்லூரி ஏற்கலாம். உங்கள் கல்லூரி எதை ஏற்கிறது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வெளிநாட்டு மாஸ்டர்ஸுக்காகப் படிப்பவர்கள், "இந்தச் சான்றிதழ் போதுமா, கிரேடு போட்ட டிரான்ஸ்கிரிப்ட் வேண்டுமா" என்று அந்தப் பல்கலைக்கழகத்துக்கே மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். சான்றிதழும் கிரெடிட்டும் ஒன்றல்ல.

படி 2: எந்த செமஸ்டர்?

என்பிடெல் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். அக்கவுண்ட்ஸ் வேலையில் இருப்பவர்கள் ஜனவரிப் பக்கம் போகவே வேண்டாம். பாடம் கடினமாகிற வாரங்களும் மார்ச் 31 க்ளோசிங்கும் ஒரே நேரத்தில் வந்து கழுத்தை நெரிக்கும். ஜூலையில் தொடங்கினால் மழை, கணபதி விழா, பக்கத்து மண்டபத்து டோல் மேளம் எல்லாம் உண்டு. ஆனால் ஹெட்போன் போட்டால் டோலைச் சமாளிக்கலாம், ஆடிட்டரைச் சமாளிக்க முடியாது.

படி 3: அல்ஜீப்ராவை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள்

ஒரே ஒரு கணக்கு. 1/(3+ஹெச்) என்பதிலிருந்து 1/3-ஐக் கழித்து, வருவதை ஹெச்சால் வகுத்துச் சுருக்குங்கள். விடை: மைனஸ் 1 கீழ் 3(3+ஹெச்). பார்க்காமல் போட வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். வராவிட்டால் பின்னங்கள், காரணிப்படுத்துதல், அடுக்குக்குறி விதிகள் மூன்றையும் ஒரு வாரம் உட்கார்ந்து போடுங்கள். கேல்குலஸில் பலரும் விழுவது லிமிட்டில் இல்லை, அதற்குப் பிறகு வருகிற இந்தச் சுருக்குதலில்தான்.

ஆங்கில வீடியோ மண்டையில் ஏறவில்லை என்றால் தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகம், இரண்டாம் தொகுதி, தமிழ்வழிப் பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். எல்லை (லிமிட்), வகையிடல் (டெரிவேட்டிவ் எடுப்பது), தொகையிடல் (இன்டக்ரல்) எல்லாம் 9, 10, 11-ஆம் அத்தியாயங்களில் வரிசையாக இருக்கின்றன. தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து வந்த என் தோழிக்கு இந்த மூன்று அத்தியாயங்கள்தான் கைகொடுத்தன.

படி 4: வாரம் எப்படி ஓட வேண்டும்

வீடியோவை முதல் தடவை மேஜையில், நோட்டும் பேனாவுமாக. பேராசிரியர் கணக்கைச் சொன்னதும் நிறுத்தி, நீங்கள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஓட விட வேண்டும். ரயிலில் பார்ப்பது இரண்டாவது தடவைக்கு மட்டும். காலை 8 மணி லேடீஸ் டப்பாவில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு யாரும் கேல்குலஸ் கற்றதில்லை.

அசைன்மென்டுக்குக் கெடு பெரும்பாலும் புதன்கிழமை இரவு 11.59. திங்களன்றே ஒரு தடவை சமர்ப்பித்துவிடுங்கள். கெடுவுக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாகப் போட்டதுதான் கணக்கில் சேரும்.

படி 5: விடையை எண்ணைப் போட்டுச் சரிபார்ப்பது

நான் அதிகம் தடுமாறியதும், பிறகு நிமிர்ந்ததும் இங்கேதான். நிதானமாகப் படியுங்கள்.

என்பிடெல் அசைன்மென்டில் உங்கள் விடை சரியா என்று கெடு முடிந்த பிறகுதான் தெரியும். வகுப்பில் என்றால் வாத்தியார் நோட்டை எட்டிப் பார்த்து "இந்த வரியைப் பார்" என்பார். இங்கே உங்கள் வரிகளை யாரும் பார்ப்பதில்லை, பெட்டியில் போடுகிற கடைசி எண் மட்டும்தான் போகிறது. ஆகவே ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிறதா என்று பார்க்கிற மாதிரி, நமக்கு நாமே ஒரு டேலி வைத்துக்கொள்ள வேண்டும்.

சுலபமானதில் தொடங்கலாம். எக்ஸ் வர்க்கத்தின் டெரிவேட்டிவ், அதாவது எக்ஸ் மாறும்போது அது மாறுகிற வேகம், 2எக்ஸ். அப்படியானால் எக்ஸ் 3 ஆகும்போது 6 வர வேண்டும். கால்குலேட்டரில் 3.1-இன் வர்க்கத்திலிருந்து 9-ஐக் கழித்து 0.1-ஆல் வகுங்கள்: 6.1. அடுத்து 3.01-ஐ வைத்து, 0.01-ஆல் வகுத்தால் 6.01. 3.001 வைத்தால் 6.001. எங்கே போய்ச் சேருகிறது என்று கண்ணுக்கே தெரிகிறது. லிமிட் என்று பாடத்தில் சொல்வது இதைத்தான். இதை ஒரு தடவை கையால் செய்தவர்களுக்கு அந்த வரையறை அதற்குப் பிறகு பயம் காட்டாது.

இப்போது செயின் ரூல், அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் சார்புக்கு டெரிவேட்டிவ் எடுக்கும் விதி. எக்ஸ் வர்க்கத்தோடு 1-ஐக் கூட்டி, அந்த முழுவதையும் 5-ஆம் அடுக்குக்கு உயர்த்துகிறோம். அவசரத்தில் போடுகிறவர்கள் "5 பெருக்கல் அடைப்புக்குறி அடுக்கு 4" என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். எக்ஸ் 1 என்றால் அது 5 × 16 = 80. உள்ளே இருப்பதன் டெரிவேட்டிவான 2எக்ஸையும் பெருக்கியவர்களுக்கு 160. எது சரி?

எக்ஸுக்கு 1.001 போட்டுப் பாருங்கள். முழுச் சார்பின் மதிப்பு 32.1604. எக்ஸ் 1 ஆக இருந்தபோது 32. வித்தியாசம் 0.1604, அதை 0.001-ஆல் வகுத்தால் 160.4. எண்பது ஓட்டத்திலேயே இல்லை. இன்னும் நெருக்கமாக வேண்டுமா? 1.001-இல் வரும் மதிப்பிலிருந்து 0.999-இல் வரும் மதிப்பைக் கழித்து 0.002-ஆல் வகுங்கள். 160.0006 வரும். இரண்டு பக்கமும் எடுக்கிற இந்த முறைதான் எனக்குப் பிடித்தது. ஒரு பக்கம் மட்டும் எடுக்கும்போது வருகிற உபரி இதில் அநேகமாக அடிபட்டுப் போய்விடும்.

ஒரு கணக்குக்கு அரை நிமிடம் ஆகும். விதி மறந்ததா, குறி மாறியதா, அல்ஜீப்ராவில் வழுக்கினீர்களா, எதுவாக இருந்தாலும் இதில் மாட்டிக்கொள்ளும். 0 அல்லது 1 போட்டால் சில தப்புகள் ஒளிந்துகொள்ளும் (1-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் 1தானே). சந்தேகம் இருந்தால் 2, 1.7 என்று வேறொன்றும் போட்டுப் பாருங்கள்.

படி 6: சைன், கோசைன் வருகிறதா? கால்குலேட்டரைப் பாருங்கள்

0.01-க்கு சைன் எடுத்து 0.01-ஆல் வகுங்கள். 0.99998 வந்தால் கால்குலேட்டர் ரேடியனில் (கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) இருக்கிறது. 0.01745 வந்தால் டிகிரியில் இருக்கிறது, உடனே மாற்றுங்கள். சைனின் டெரிவேட்டிவ் கோசைன் என்பது ரேடியனில்தான் செல்லும். டிகிரியில் ஒவ்வொரு தடவையும் பை/180 என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும், 0.01745 என்பது அந்த வால்தான். கேசியோ 991 இஎஸ் வைத்திருப்பவர்கள் ஷிஃப்ட், மோடு, பிறகு 4.

படி 7: இன்டக்ரலுக்கும் அதே டேலி

இன்டக்ரல் என்றால் இங்கே கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு. 0-இலிருந்து 1 வரை, 2எக்ஸ் பெருக்கல் (எக்ஸ் வர்க்கம் + 1) அடுக்கு 4 என்பதற்கு இன்டக்ரல் எடுங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பதை யு என்று மாற்றினால் எல்லைகள் 1, 2 என்று மாறும். விடை 31/5, அதாவது 6.2. எல்லையை மாற்ற மறந்து 0, 1 என்றே விட்டால் 0.2 வரும்.

சரிபார்க்க எந்த ஆப்பும் வேண்டாம். எக்ஸ் 0.5-இல் இந்தச் சார்பின் உயரம் ஏறக்குறைய 2.44, அங்கிருந்து 1 வரை ஏறிக்கொண்டே போகிறது. அந்தப் பாதியின் பரப்பு மட்டுமே 1.2-ஐத் தாண்டிவிடும். மொத்தம் எப்படி 0.2 ஆகும்?

கருவிகள்: என் கட்சி

வரைபடத்துக்கு டெஸ்மாஸ். ஜியோஜீப்ராவில் வசதிகள் அதிகம், ஆனால் தொடக்கத்தில் அத்தனை பொத்தான் எதற்கு? இரண்டு சார்புகளைத் தட்டினோமா, கோடு ஒன்றின்மேல் ஒன்று உட்காருகிறதா என்று பார்த்தோமா, அவ்வளவுதான் வேலை.

போட்டோ எடுத்தால் படிப்படியாக விடை எழுதித் தருகிற ஆப்களை முதல் இரண்டு மாதம் போனில் வைக்காதீர்கள். தேர்வு மையத்தில் அது கூட வராது.

ரூல் போட்ட லாங் நோட் ஒன்று. இடது பக்கம் கணக்கு, வலது பக்கம் எண் போட்டுப் பார்த்த சரிபார்ப்பு. டேப்லெட்டில் எழுதுகிறவர்கள் எழுதட்டும், எனக்குக் காகிதத்தில்தான் தப்பு கண்ணில் படுகிறது.

பயிற்சிக் கணக்குகளுக்கு மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் புத்தகக் கடைகள். சுற்றிலும் கல்லூரிகள் என்பதால் முதலாண்டு இன்ஜினியரிங் கணிதப் புத்தகங்கள் அங்கே குவிந்து கிடக்கும். எந்தப் பதிப்பு என்று பார்க்க வேண்டாம், கேல்குலஸ் மாறவில்லை. பின்பக்கத்தில் விடைகள் கிழியாமல் இருக்கின்றனவா என்று மட்டும் புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.

பின்சேர்க்கை: கமெண்டில் வந்தவை

செம்பூரிலிருந்து ஒரு தம்பி: "அக்கா, நோட்டில் விடை சரி, தளம் மட்டும் தப்பு என்கிறது." ஸ்கிரீன்ஷாட் பார்த்தால் விடை சரி, தட்டச்சுதான் கோளாறு. விடையைக் குறியீடாகவே கேட்கிற தளங்களில் இது நடக்கும். 1/2எக்ஸ் என்று அடித்தால் பல இயந்திரங்கள் "எக்ஸில் பாதி" என்று புரிந்துகொள்ளும். 2எக்ஸ் முழுவதும் கீழே போக வேண்டுமானால் 1/(2எக்ஸ்). நோட்டில் சைனுக்கும் எக்ஸுக்கும் நடுவே 2-ஐ மேலே போடுகிறோம். பெட்டியில் சைன்(எக்ஸ்)^2 என்று அடைப்புக்குறிக்குப் பிறகுதான் அடுக்கு வர வேண்டும். -3^2 என்றால் மைனஸ் 9. மைனஸ் 3-இன் வர்க்கம் வேண்டுமென்றால் (-3)^2. லாக் (மடக்கை) விஷயத்தில் இன்னொரு சிக்கல்: டெஸ்மாஸில் லாக் என்றால் 10 அடிமானம், கணக்குப் போட்டுத் தரும் வுல்ஃப்ரம் ஆல்ஃபா தளத்தில் வெறும் லாக் என்றாலே இயற்கை மடக்கை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்கள் லாக்(10) அடித்துப் பாருங்கள். 1 வந்தால் அடிமானம் 10, 2.302 என்று தொடங்கினால் இயற்கை மடக்கை.

"எண் போட்டுப் பார்க்கையில் இன்னும் துல்லியம் வேண்டும் என்று 0.000000000001 வைத்தேன், விடை பைத்தியம் பிடித்த மாதிரி வருகிறது" என்று முலுண்டிலிருந்து ஒருவர். கால்குலேட்டர் குறிப்பிட்ட இலக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. ஏறக்குறைய சமமான இரண்டு எண்களைக் கழித்தால் நல்ல இலக்கங்கள் எல்லாம் போய் மிச்சம் குப்பை. 0.001 போதும்.

தேர்வு மையம் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். தேர்வுக்குப் பதியும்போதே நகரத்தைத் தேர்வு செய்ய வேண்டும், தாமதித்தால் பக்கத்து மையங்கள் நிரம்பிவிடும். ஹால் டிக்கெட்டை அச்செடுத்துக்கொள்ளுங்கள், அடையாள அட்டை ஒரிஜினல் வேண்டும். தேர்வு பெரும்பாலும் சனி அல்லது ஞாயிற்றுக்கிழமை இருக்கும். ஞாயிறு விழுந்தால் முந்தின நாளே மெகா பிளாக் (பராமரிப்புக்காக லோக்கல் ரயில்களைக் குறைப்பது) எந்த லைனில் என்று பார்த்துவிடுங்கள். சென்ட்ரல் லைனில் பிளாக் என்றால் தாணேவிலிருந்து ஹார்பர் லைன் பக்கம் சுற்றிப் போக ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள்.