நாட்டு மருந்து எடுக்கறத டாக்டர்கிட்ட எப்படி சொல்றது

எங்க அம்மா ரெண்டு மாசமா சுகர் மாத்திரையோட காலைல வெறும் வயித்துல சிறுகுறிஞ்சான் பொடியும் போட்டுட்டு இருந்தாங்க, சொன்னா டாக்டர் திட்டுவாருன்னு மூச்சே விடல. ஒரு நாள் விடிகாலைல நைட்டியே நனையற அளவுக்கு வேர்த்துப்போய் கை நடுங்குது, குளுக்கோமீட்டர்ல குத்திப் பாத்தா 58. சர்க்கரைய கரைச்சுக் குடுத்து கால்மணி நேரம் கழிச்சுதான் தெளிஞ்சாங்க. பொடியும் சுகர இறக்கும் மாத்திரையும் இறக்கும், ஒண்ணு மட்டும்தான் டாக்டருக்கு தெரியும்னா அவரு எப்படிங்க டோஸ் கணக்கு போடுவாரு?

அதனால தயவுசெஞ்சு மறைக்காதீங்க. போறப்ப டப்பாவையே பையில எடுத்துட்டுப் போங்க, எம்பிபிஎஸ்ல சித்தா பாடம் கிடையாது, வெறும் பேரச் சொன்னா நிறைய பேருக்கு பிடிபடாது, லேபிள்ல சேர்மானம் போட்டிருக்கும். லேபிளே இல்லாத பொட்டலம்னா அத வாயில வைக்காதீங்க. பற்பம், செந்தூரம்னு புடம் போட்டு செய்யற சித்த மருந்துன்னா கண்டிப்பா காட்டணும், சிலதுல பாதரசம் மாதிரி உலோகம் சேரும், சரியா செய்யலன்னா கிட்னிக்கு ஆபத்து.

"இத சாப்பிடலாமா"ன்னு பொதுவா கேட்டா "வேணாம்"னு ஒரே வார்த்தைல முடிஞ்சிரும். "ரெண்டு மாசமா காலைல அரை ஸ்பூன் எடுக்கறேன், உங்க மாத்திரையோட சேருமா"ன்னு கேளுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க பூண்டு, மஞ்சள் கேப்ஸ்யூல் பத்தி சொல்லியே ஆகணும், ரத்தக்கசிவு வரலாம் (சாம்பார்ல போடற மஞ்சள சொல்லல). பிபி இருக்கறவங்க தினமும் அதிமதுரம் எடுத்தா பிபி ஏறும். ஆபரேஷன்னா தேதி குறிக்கறப்பவே சொல்லிருங்க, சிலத ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தணும்.

எல்லா டாக்டரும் சித்தாவுக்கு எதிரின்னு நெனைக்காதீங்க. டெங்கு சமயத்துல நிலவேம்பு குடிநீரும் 2020ல கபசுரக் குடிநீரும் தமிழ்நாடு அரசே குடுத்துச்சு, எத்தனையோ ஜிஎச்ல ஒரே காம்பவுண்டுக்குள்ள சித்தா பிரிவு இருக்கு. அப்படியும் ஒருத்தர் கத்தினா, "திட்டுங்க சார், ஆனா சீட்டுல எழுதிக்கோங்க"ன்னு நின்னு சொல்லுங்க, எழுத வைக்கறதுதான் முக்கியம்.

அதே மாதிரி சித்த மருத்துவர்கிட்டயும் இங்கிலீஷ் மருந்து சீட்ட காட்டணும், இத நிறைய பேர் மறந்துடறாங்க. பிஎஸ்எம்எஸ் (சித்த மருத்துவப் பட்டம்) படிச்சவரான்னு பாத்துக்கோங்க, சென்னைப் பக்கம்னா தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கு. "இன்சுலின உடனே நிறுத்து"ன்னு யாராவது சொன்னா அங்கேர்ந்து எழுந்து வந்துருங்க.

அம்மாவோட சுகர் நோட்டுல இப்ப கடைசிப் பக்கம் பூரா இதுக்குத்தான், எந்தப் பொடி, என்னிக்கு ஆரம்பிச்சது, எவ்ளோன்னு அவங்களே எழுதறாங்க, டாக்டர் மொதல்ல அந்தப் பக்கத்ததான் திருப்பறாரு.